பெருவெள்ளத்துக்குத் தவணை இல்லை

ஒரு பேரிடர் வந்து போய்விட்டால் அதே அளவிலான இன்னொன்று வர ஒரு தலைமுறையாவது ஆகும் என்னும் நம்பிக்கை, கடலூர், சிதம்பரம் வட்டாரங்களில் மனை வாங்குவோரிடமும் விற்போரிடமும் மட்டுமன்றி, வரைபடத்துக்கு ஒப்புதல் வழங்கும் இடத்தில் இருப்போரிடமும் வேரூன்றிக் கிடக்கிறது. இது பிழையான நம்பிக்கை. வெள்ளம் வடிந்த ஈரம் காயுமுன்பே அதே தாழ்நிலத்தில் அஸ்திவாரம் தோண்டும் துணிச்சலைத் தருவதால் உயிரைக் குடிக்கும் நம்பிக்கையும் ஆகும்.

2021 நவம்பரில் தென்பெண்ணை கரைபுரண்டு கடலூரை ஒட்டிய நாணமேடு, உச்சிமேடு, கண்டக்காடு போன்ற ஊர்களுக்குள் புகுந்தபோது, 1972க்குப் பிறகு கண்டிராத வெள்ளம் என்று அது பேசப்பட்டது. ஐம்பது ஆண்டு இடைவெளி என்ற பேச்சு எழுந்ததுமே, அடுத்ததற்கும் ஐம்பது ஆண்டு அவகாசம் உண்டு என்று மனம் தானாகவே கணக்குப் போட்டுக்கொண்டது. மூன்றே ஆண்டுகள்தான் கழிந்தன. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயல் வலுவிழந்து மேற்கே நகர்ந்து, ஆற்றின் மேற்பகுதியிலுள்ள ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்குக் கொட்டித் தீர்க்க, சாத்தனூர் அணையிலிருந்து டிசம்பர் 2 அதிகாலையில் விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி நீர் வெளியேற்றப்பட்டு, தென்பெண்ணைக் கரையூர்கள் மறுபடியும் மூழ்கின.

நீரியலாளர் ‘நூறாண்டு வெள்ளம்’ எனக் குறிப்பது, எந்த ஓர் ஆண்டிலும் எட்டப்படவோ மீறப்படவோ நூற்றில் ஒரு பங்கு வாய்ப்புள்ள வெள்ளத்தையே ஆகும். சென்ற ஆண்டு அது வந்ததா இல்லையா என்பதை இந்த ஆண்டின் வாய்ப்பு பொருட்படுத்துவதில்லை. ஓராண்டில் வராமலிருக்கும் வாய்ப்பாகிய 0.99 என்பதை முப்பது முறை தன்னோடு பெருக்கினால் ஏறத்தாழ 0.74 கிடைக்கும். அதாவது, முப்பது ஆண்டுத் தவணையில் வீட்டுக்கடன் வாங்கி ஆற்றோரத்தில் குடியேறும் ஒரு குடும்பம், கடன் அடைபடுவதற்குள் அத்தகைய வெள்ளத்தை ஒரு முறையேனும் சந்திக்க நூற்றுக்கு 26 வாய்ப்பு உண்டு. நூறாண்டுக் காலத்துக்கும் இந்த வாய்ப்பு 63 விழுக்காடுதான். ஆகவே ஒரு நூற்றாண்டு வெள்ளமின்றியே கழியலாம், இரண்டோ மூன்றோ அடுத்தடுத்தும் வரலாம்.

எரிமலை ஆய்வாளர்களும் தொடக்கத்தில் இதே எளிய கணக்கையே கையாண்டு, பின்னர் அதுவும் போதாது எனக் கண்டனர், ஏனெனில் இயற்கை பல வேளைகளில் கொத்துக் கொத்தாகச் செயல்படுகிறது. அந்தமான் கடலிலுள்ள பாரன் தீவு எரிமலை, 1787இல் வெடித்ததாகப் பதிவாகி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் அடங்கி, ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக உறங்கியபின் 1991இல் விழித்து, 1994, 2005, 2017 என மீண்டும் மீண்டும் சீறியது. 2004 டிசம்பர் 26 அன்று தேவனாம்பட்டினத்தையும் கிள்ளைக் கரையோரத்தையும் சூறையாடி, கடலூர் மாவட்டத்தில் மட்டும் அறுநூறுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட ஆழிப்பேரலை பற்றிய சான்றும் இதையே காட்டுகிறது. சுமத்ராவின் ஆச்சே கடற்கரைக் குகையொன்றில் படிந்த பழைய மணல் அடுக்குகளை ஆராய்ந்து 2017இல் வெளியிடப்பட்ட ஆய்வு, இரு பேரலைகளுக்கிடையே சில சமயம் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலும், சில சமயம் ஒரு நூற்றாண்டுக்குள்ளும் இடைவெளி இருந்ததைக் கண்டறிந்தது. அங்கே சராசரி என்ற எண்ணை நம்பி எவரும் நிம்மதியாக உறங்க இயலாது.

எந்த நாளில் வரும் என்று சொல்ல முடியாத கணக்கால் என்ன பயன் என்று கேட்போர் உண்டு. நாளைச் சொல்வது அதன் வேலையன்று; எந்த நிலத்தில் குடியிருக்கலாம், எவ்வளவு உயரத்தில் தளம் அமைக்கலாம் என்பதைச் சொல்வதே அதன் வேலை. அந்தக் கணக்கின் உண்மையான குறை வேறிடத்தில் இருக்கிறது. சில பதிற்றாண்டுகளின் மழைப் பதிவைக் கொண்டு நூறாண்டு அளவை மதிப்பிட்டபின், ஏரி மனையாகி, வாய்க்கால் சாலையாகி, கடலும் சூடேறிவிட்டால், பழைய அளவு இடரைக் குறைத்தே காட்டும். தென்பெண்ணையும் கெடிலமும் வெள்ளாறும் கொள்ளிடமும் கடலில் கலக்கும் ஒரு மாவட்டத்தில் இக்குறை சிறியதன்று.

ஆதலால் கடலூர் மாவட்டத்தில் மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தரும் ஒவ்வோர் ஆவணத்திலும் அந்த நிலம் அடுத்த முப்பது ஆண்டுகளில் மூழ்கும் வாய்ப்பு விழுக்காட்டில் அச்சிடப்பட வேண்டும். 2024இன் அளவீடுகளையும் சேர்த்து வெள்ள மட்டம் புதிதாகக் கணிக்கப்படும் வரை தென்பெண்ணைக் கரையோரத் தாழ்நிலங்களில் புதிய மனைகளுக்கு ஒப்புதல் நிறுத்திவைக்கப்பட வேண்டும்.