‘சூப்பர்’ சொன்னால் போதுமா?

புலனத்தில் யாராவது ஒரு படத்தைப் போட்டால் நாம் என்ன செய்கிறோம்? கட்டைவிரல் ஒன்றைத் தட்டிவிடுகிறோம். கொஞ்சம் நேரம் இருந்தால் ‘சூப்பர்’ என்று ஒரு சொல். பிள்ளை வரைந்த ஓவியம், தங்கை செய்த கேக், நண்பர் வளர்க்கும் மிளகாய்ச் செடி, எல்லாவற்றுக்கும் ஒரே கட்டைவிரல்தான். அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் ஒரு வேலையை மாதக்கணக்கில் தனியாகச் செய்துகொண்டிருப்பவருக்கு அது எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

எனக்குப் பிளாஸ்டிக் மாதிரி விமானம் கட்டும் பழக்கம் உண்டு. உண்மையான விமானத்தை 48-இல் ஒரு பங்கு, 72-இல் ஒரு பங்கு என்று சுருக்கி, பாகம் பாகமாகப் பெட்டியில் விற்பார்கள். வெட்டி, உப்புத்தாளில் தேய்த்து, ஒட்டி, சாயம் பூசி முடிக்க ஒரு மாதமும் ஆகலாம், ஒரு வருடமும் ஆகலாம். பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க ஆள் கிடைக்காது. அதனால் இந்தப் பழக்கம் உள்ளவர்கள் ஒருவர் வேலையை மற்றவர் கைப்பேசியில் பார்த்துக்கொள்வோம்.

அப்படி அறிமுகமானவர்தான் பினாங்குத் தம்பி ஒருவர். முப்பது வயதைத் தாண்டியவர். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் இரவு வேலை. நாங்கள் நேரில் சந்தித்ததே இல்லை. போன வருடம் அவர் ஒரு ஸ்பிட்ஃபயர் விமானத்தைக் கட்ட ஆரம்பித்தார். உண்மை விமானத்தின் இறக்கை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 11 மீட்டருக்குச் சற்று அதிகம். 48-இல் ஒரு பங்காக அவர் மேசையில் அது 23 சென்டிமீட்டர்.

ஸ்பிட்ஃபயர் விமானங்கள் 20,000-க்கும் மேல் தயாரிக்கப்பட்டன. அவற்றில் அவர் தேர்ந்தெடுத்தது ஒரே ஒன்றை. அதன் எண் பிஎஸ் 888. 1954 ஏப்ரல் 1ஆம் தேதி, சிங்கப்பூரின் சிலேத்தார் தளத்திலிருந்து பிரிட்டிஷ் விமானப்படையின் 81ஆவது பிரிவு அதைப் பறக்கவிட்டது. மலாயாவில் அவசரகாலம் நடந்துகொண்டிருந்த நேரம். கம்யூனிஸ்டுப் போராளிகள் பதுங்கியிருப்பதாகச் சந்தேகிக்கப்பட்ட ஜொகூர் காட்டைப் படம் எடுக்க அது போனது. அந்த ரகத்தில் துப்பாக்கி கிடையாது, கேமராதான். பிரிட்டிஷ் விமானப்படையின் ஸ்பிட்ஃபயர் ஒன்று களப்பணிக்குப் பறந்தது அதுவே கடைசி. விமானத்தின் மூக்கில் ‘தி லாஸ்ட்!’ என்று எழுதியும் வைத்தார்கள்.

முதல் படம் வந்தபோது நான் கேட்டேன், “ஏன் தம்பி, இத்தனை விமானத்தில் இதை எடுத்தீங்க?”

பதில் வர ஒரு நாள் ஆனது. “தாத்தா அப்போ சிலேத்தார்ல கூலி வேலை பார்த்தாரு அண்ணே. அந்தக் காலத்துப் படம் ஒண்ணுகூட வீட்டுல இல்ல.”

அதன் பிறகு நான் அவர் படங்களைப் பார்த்த விதமே வேறு. ‘சூப்பர்’ என்று எழுதுவதை விட்டுவிட்டு, கண்ணில் பட்டதைச் சொல்ல ஆரம்பித்தேன். “உடம்பின் இரண்டு பாதியும் சேரும் கோடு தெரியவே இல்லை. எத்தனை தடவை தேய்த்தீர்கள்?” என்று கேட்டால் நான்கு வரியில் பதில் வரும். “உந்துவிசிறியின் ஐந்து இலைகளும் ஒரே கோணத்தில் நிற்கின்றன, எப்படிப் பிடித்து ஒட்டினீர்கள்?” என்றால் மறுநாள் அதற்கென்றே ஒரு படம் வரும். பாராட்டு கிடைத்ததைவிட, ஒருவர் உற்றுப் பார்க்கிறார் என்பதுதான் அவரை மறுநாளும் மேசையில் உட்கார வைத்தது என்று நினைக்கிறேன்.

குறை கண்ணில் பட்டாலும் சொல்வேன், இன்னும் திருத்த முடியும் என்ற நிலையில் மட்டும். மழை நாளில் ஏர்பிரஷ் வைத்துச் சாயம் அடிக்கத் தயாரானார். நம் ஊர் ஈரக்காற்றில் சில சாயங்கள் வெளுத்துப் பூத்துவிடும். “இன்று வேண்டாம், வெயில் வரட்டும்” என்றேன். சாயம் காய்ந்த பிறகு சொல்வதில் யாருக்கு என்ன லாபம்?

ஐந்தாவது மாதம் படங்கள் நின்றன. ஒரு வாரம், இரண்டு வாரம், மூன்று வாரம்.

இந்த இடத்தில் நம்மில் பலர் செய்வது இரண்டு. ஒன்று, மறந்துவிடுவது. மற்றொன்று, “என்னாச்சு, எப்போ முடிக்கப் போறீங்க?” என்று கேட்பது. ஏற்கெனவே சோர்ந்திருப்பவருக்கு அந்தக் கேள்வி கடன்காரர் கதவைத் தட்டுவது போலத்தான் இருக்கும். நான் எழுதியது இவ்வளவுதான்: “தம்பி, விமானம் எப்படி இருந்தாலும் பரவாயில்லை. நீங்க நல்லா இருக்கீங்களா?”

அன்றிரவே அழைத்தார். விமானியின் இருக்கைக்கு மேல் வரும் கண்ணாடி மூடியை சூப்பர் குளூ வைத்து ஒட்டியிருக்கிறார். அந்தப் பசையின் ஆவி பட்டால் தெளிந்த பிளாஸ்டிக் பனி படர்ந்தது போல வெள்ளையாகிவிடும். அப்படியே ஆகிவிட்டது. அதே வாரம் அவர் அம்மா உறவினர் முன்னால், “கல்யாணம் பண்ற வயசுல பொம்மை ஒட்டிக்கிட்டு இருக்கான்” என்று சொல்லியிருக்கிறார். இரண்டும் சேர்ந்து, எல்லாவற்றையும் பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாராம்.

என் அலமாரியில் அதே பெட்டி பிரிக்காமல் இருந்தது. “என்னுடைய மூடியை அஞ்சலில் அனுப்புகிறேன். ஆனால் அதற்கு முன்னால் உங்களுடையதைக் காப்பாற்ற முடியுமா என்று முயன்று பாருங்கள். கெட்டுப் போனாலும் கவலையில்லை, என்னுடையது இருக்கிறது” என்றேன். மூடியை மெதுவாகக் கழற்றி, மிக நைசான ஈர உப்புத்தாளில் உள்ளும் புறமும் தேய்த்து, பற்பசையால் மெருகேற்றி, கடைசியில் தெளிந்த பளபளப்புப் பூச்சில் முக்கி எடுக்க வேண்டும். திரும்ப ஒட்டும்போது பிள்ளைகள் கைவேலைக்குப் பயன்படுத்தும் வெள்ளைப் பசை போதும். அது ஆவி விடாது.

இரண்டு இரவு கழித்துப் படம் வந்தது. மூடிக்குள் இருக்கையும் வார்ப்பட்டையும் தெளிவாகத் தெரிந்தன. என் மூடியை நான் அனுப்பவே வேண்டியிருக்கவில்லை. தோற்றாலும் வழி இருக்கிறது என்று தெரிந்ததும் அவருக்குக் கை ஓடியது.

விமானம் முடிந்ததும் அதைக் கூலிமில் இருக்கும் பாட்டியிடம் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார். பாட்டிக்கு ஸ்பிட்ஃபயர் என்ன, 888 என்ன? கையில் வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு, “உங்க தாத்தா சட்டையெல்லாம் ஒரே எண்ணெய் நாத்தம். தனியா ஊறப்போட்டுத்தான் துவைப்பேன்” என்றாராம். தாத்தாவைப் பற்றி அந்த வீட்டில் யாரும் அதுவரை கேட்டிராத செய்தி அது. பக்கத்தில் நின்ற அம்மா, “இத நீங்க சொன்னதே இல்லையே அத்தே” என்று உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தாராம். அன்று மதியம் முழுக்கப் பாட்டி பேசியிருக்கிறார்.

விமானம் கட்டுவது உங்களுக்குப் பிடிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார். வேலை முடிந்து வந்து கிட்டார் பழகும் மகன், இணையத்தில் பார்த்துத் தையல் கற்கும் மனைவி, ஓய்வு பெற்ற பிறகு மரவேலையில் இறங்கிய அப்பா. இந்த வாரம் அவர்களுக்கு ஒரு கேள்வி கேளுங்கள். “எப்போ முடியும்?”, “எவ்வளவு செலவு?” இரண்டும் வேண்டாம். “இந்த இடத்தை எப்படிச் செய்தாய்?” என்று கேளுங்கள். கேட்டுவிட்டுக் கைப்பேசியைக் கீழே வையுங்கள். பதில் கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.