கோடரி பளபளக்க வேண்டியதில்லை

பழைய கோடரி கிடைத்தால் பலர் முதலில் தேடுவது கிரைண்டரைத்தான். அரை மணி நேரத்தில் துரு பறந்து இரும்பு மின்னும், பார்ப்பவர்களும் மெச்சுவார்கள். எனக்கு அந்த மினுக்கில் உடன்பாடில்லை. கோடரியில் உள்ள கறை எல்லாம் ஒரே துரு அல்ல. செந்துரு, நீர் சேர்ந்த இரும்பு ஆக்சைடு. தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைத்து உப்பிக்கொள்ளும், பொருக்காக உதிரும், நுண்துளைகளில் ஈரத்தைப் பிடித்துவைத்து அடியில் உள்ள இரும்பை மேலும் அரிக்கும். அது போகத்தான் வேண்டும். கருஞ்சாம்பல் நிறத்தில் வழுவழுப்பாக ஒட்டிக் கிடப்பது வேறு. அதில் பெரும்பாலும் மேக்னடைட்தான், எளிதில் உதிராது. அதை முழுக் கவசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதைச் சுரண்டிவிட்டு வெற்று இரும்பைக் காற்றுக்குக் காட்டினால் மழைக்காலத்தில் ஒரே இரவில் செம்மை பூக்கும். டெல்லி இரும்புத்தூண் சுமார் 1,600 ஆண்டுகள் நிற்பதற்கும், பாஸ்பரஸ் மிகுந்த அதன் இரும்பின்மேல் படிந்த மெல்லிய படலமே முக்கியக் காரணம் என்கிறார்கள் உலோகவியலாளர்கள். கோடரிக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. இருக்கும் படலத்தையாவது விட்டுவைக்கலாமே.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் 1826 முதல் 1966 வரை இயங்கிய காலின்ஸ் ஆலையின் கோடரிகளைப் பாருங்கள். அதன் பழைய கோடரிகளில் உடல் இரும்பு, வெட்டுவாய் மட்டும் எஃகு. இரண்டையும் காய்ச்சி ஒட்டியிருப்பார்கள். கன்னத்தில் ஆலையின் முத்திரை ஆழமில்லாமல் பதிந்திருக்கும். கிரைண்டர் ஓரிரு முறை ஓடினாலே எழுத்து மழுங்கும். அதைவிடப் பெரிய சேதம் வெட்டுவாயில். தேய்க்கும் சூட்டில் எஃகு நீலம் பூத்தால் அந்த இடம் ஏறக்குறைய 300 டிகிரி செல்சியஸைத் தொட்டுவிட்டது. பட்டறையில் கொடுத்த பதம் அங்கே தளர்ந்திருக்கும். துருவை எடுக்கப் போய் வெட்டும் திறனை எடுத்துவிட்ட கதை இது.

‘கருப்புக்கு அடியில் செந்துரு ஒளிந்திருந்தால்?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மெல்லிய இரும்புப் பஞ்சை எண்ணெயில் தொட்டுத் தேய்த்துத் துணியால் துடையுங்கள். துணியில் செம்மை ஏறிக்கொண்டிருக்கும்வரை தொடருங்கள், நின்றதும் நிறுத்துங்கள். ‘வினிகரில் ஊறப்போட்டால் வேலை மிச்சமாயிற்றே’ என்பது அடுத்த வாதம். துரு குழி விழுந்து தடித்திருந்தால் நானும் வினிகரைத்தான் சொல்வேன். ஆனால் அமிலத்துக்குக் கருப்பு, சிவப்பு என்ற பேதம் தெரியாது. நேரம் கூடினால் நல்ல இரும்பையும் கரைக்கும். எடுத்தவுடன் சமையல் சோடா கரைத்த நீரில் கழுவி, சூடுகாட்டி உலர்த்தி, அப்போதே எண்ணெய் பூச வேண்டும். தாமதித்தால் சில நிமிடங்களில் புதுத் துரு படியும். ‘இது விறகு பிளக்க, காட்சிக்கு வைக்க அல்ல’ என்பவர்களுக்கும் பதில் இதேதான்: விறகு பிளப்பது கன்னத்தின் மினுக்கு அல்ல. வெட்டுவாயை மட்டும் அரத்தாலும் சாணைக்கல்லாலும் நிதானமாகத் தீட்டினால் போதும்.

காப்பதற்கு ஆளிவிதை எண்ணெய் நல்லது. தேங்காய் எண்ணெய் உலராது. பிசுபிசுத்துத் தூசி சேர்க்கும், நாளானால் காறும். ஆளிவிதை எண்ணெய் காற்றில் இறுகிப் படலமாகும். மரக் காம்புக்கும் அதுவே ஆகும். மிக மெல்லிசாகப் பூசி, மிகுந்ததைத் துடைத்துவிட வேண்டும். தோலுறையில் போட்டு மாதக்கணக்கில் வைக்காதீர்கள். தோல் ஈரம் உறிஞ்சும், பதனிட்ட அமிலமும் அதில் எஞ்சியிருக்கும். காம்பு ஆடினால் தண்ணீரில் ஊறவைக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். மரம் உப்பி அன்றைக்கு இறுகும். காய்ந்ததும் முன்னைவிடத் தளரும், காம்பு நுழையும் கண்ணுக்குள் துரு பிடித்திருப்பதும் வெளியே தெரியாது. ஆப்பை மாற்றுவதுதான் வழி. ஒரு எச்சரிக்கையும் உண்டு: ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால் அது தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடும். வெளியே விரித்து நன்றாகக் காயவிட்டு அப்புறம் குப்பையில் போடுங்கள்.