எஞ்சினுக்கு மேலும் மூச்சு வேண்டுமா?

தன் கையே தனக்குதவி என்பர். அம்முதுமொழியை நாள்தோறும் மெய்ப்பிப்பன அமெரிக்க நாட்டின் வீட்டுக் கராஜ்கள். 'மஸில் கார்' என அந்நாட்டார் அழைக்கும் பெருவலு மோட்டார் வண்டிகளை உடையோர் பலர், அவற்றுக்குச் சுப்பர்சார்ஜர் பூட்டும் வேலையையும் தாமே செய்ய விழைகின்றனர். அது தகுமா என்பதை இவ்வாரம் ஆராய்வோம்.

சுப்பர்சார்ஜர் என்பது எஞ்சினுக்குக் காற்றை வலிந்து ஊட்டும் கருவி. எஞ்சினின் சுழற்சியைக் கொண்டே ஒரு பட்டியினால் இது இயக்கப்படுகிறது. கடல் மட்டத்திலே காற்றின் அமுக்கம் சதுர அங்குலத்துக்கு 14.7 இறாத்தல். அதன்மேல் 7 இறாத்தல் ஏற்றினால், சூட்டினால் ஏற்படும் இழப்பைக் கணக்கில் எடாவிடின், அரைப்பங்குக்குச் சற்றுக் குறைவான காற்று மேலதிகமாக உட்புகும். அதற்கேற்பப் பெற்றோலும் கூடவேண்டும். கூடாதாயின், கலவை உரிய முறையில் எரியாது தானாகவே வெடிக்கும். அவ்வெடியின் அடியைப் பிஸ்டன்கள் நெடுநேரம் தாங்கமாட்டா.

எல்லா எஞ்சினும் இதற்கென ஆக்கப்பட்டவை அல்ல. 2015ஆம் ஆண்டு மாதிரியாக வெளிவந்த டொட்ஜ் சலஞ்சர் ஹெல்கற் வண்டி, தொழிற்சாலையிலேயே சுப்பர்சார்ஜர் பூட்டப்பெற்று 707 பரிவலுவுடன் வந்தது. அதன் நெருக்கல் விகிதம் 9.5:1. சுப்பர்சார்ஜர் இன்றி வந்த 2018ஆம் ஆண்டு மஸ்டாங் ஜீரீ வண்டியிலோ அவ்விகிதம் 12:1. ஏற்கெனவே இறுக நெருக்கப்படும் கலவையை மேலும் நெருக்கும்போது பிழைக்கு இடம் மிகக் குறைவு. முன்னதிலே சிறிய கப்பி மாட்டிக் கருவியை விரைவாகச் சுழற்றுவது ஒரு வேலை. பின்னதிலே கருவியையே புதிதாகப் பூட்டுவது முற்றிலும் வேறு வேலை.

பூட்டும் வேலை பொறுமையுள்ளவருக்கு எட்டாததன்று. ஆயினும் பற்றரியைக் கழற்றி, பெற்றோல் குழாயின் அமுக்கத்தை நீக்கிய பின்னரே கைவைத்தல் வேண்டும். காற்றுவழிகள் திறந்திருக்கையில் அவற்றைத் துணியால் மூடுதல் வேண்டும். உள்ளே விழுந்த ஒரு சிறு சுரை எஞ்சினையே அழித்துவிடும். சுரைகளைக் கைக்கணக்கில் இறுக்காது, முறுக்கு அளக்கும் சாவியால் குறித்த அளவுக்கு இறுக்குக.

ஆனால், பெற்றோலின் அளவையும் தீப்பொறியின் வேளையையும் வண்டியின் கணினியிலே திருத்தும் வேலை வேறு. காதுக்குக் கேளாத வெடிப்பையும் கருவிகொண்டு அறியவல்லவரிடமே அதனை ஒப்படைத்தல் நன்று. கலிபோர்னியா போன்ற மாநிலங்களிலே, புகைச்சட்டத்துக்கு அமைய அனுமதி பெற்ற உறுப்புகளையே பூட்டலாம் என்பதையும் மறத்தலாகாது.

இறுதியாக ஒரு கேள்வி. இவ்வெஞ்சின் உடைந்தால், குடும்பத்தின் சேமிப்பைத் தொடாமல் இன்னொன்று வாங்க இயலுமா? பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றிச் செல்லவும் தொழிலுக்குப் போகவும் இருப்பது அந்த ஒரே வண்டியாயின், ஆசையை ஒத்திவைப்பதே அறிவுடைமை. முதலில் பிரேக்கையும் டயரையும் சீர்செய்க. வேறு வண்டியும், பொருளும், ஓய்வும் உளவாயின், பூட்டுவதைத் தாமே செய்து, திருத்துவதைத் தேர்ந்தவரிடம் விடுக என்பதே எமது துணிபு.