கறி வாசம் யாருக்குத் தொந்தரவு?

வீவக வீட்டுச் சாவி கைக்கு வந்ததும் என் வயதுக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி: "சமையலறைச் சுவரை இடிச்சிடலாமா?" நான் பொறியாளன் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். வீட்டைத் தாங்கும் கான்கிரீட் சுவரையும் பாம் ஷெல்டர் சுவரையும் தொடக்கூடாது; மற்றதை வீவக அனுமதியோடு இடிக்கலாம். என் படிப்புக்கு உட்பட்ட பதில் அவ்வளவுதான்.

இடிப்பதற்குச் சொல்லும் நியாயம்தான் எனக்கு உறுத்துகிறது. அம்மா மாதிரி மனைவியும் அடுப்படியில் தனியாகக் கிடக்கக் கூடாதாம். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் நான் போய்வந்த சுவரில்லாத வீடுகளில் சமைப்பது இன்னமும் அவர்தான். கணவர் முன்பு அவரைப் பார்க்காமல் சோபாவில் உட்கார்ந்திருப்பார். இப்போது பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார். கூடுதலாக, விருந்தாளி கண்ணில் படுமே என்று சமைக்கும்போதே மேடையைத் துடைக்கும் வேலையும் அவர் தலையில்.

சில மாதங்களில் வீட்டுக்குள் சட்டங்கள் வரும். மீன் பொரிக்காதே. மிளகாய் தாளிக்காதே. சோபா நாறும், மெத்தை நாறும். அடுப்புக்கு மேலே புகையுறிஞ்சி இருக்கிறதே என்பார்கள். நம் அடுக்குமாடி வீடுகள் பலவற்றில் அது காற்றை வெளியே தள்ளுவதில்லை. கரி வடிகட்டி வழியாக இழுத்து அதே அறைக்குள் விடுகிறது. தாளிப்பின் நெடிக்கு அது காணாது.

2011இல் வந்த செய்தி நினைவிருக்கா? கறி வாசம் பிடிக்கவில்லை என்று பக்கத்து வீட்டார் புகார் செய்ய, அவர்கள் வீட்டில் இல்லாதபோது மட்டும் கறி சமைப்பதாக ஓர் இந்தியக் குடும்பம் சமரசத்துக்கு ஒத்துக்கொண்டது. ஊரே கொதித்தது. ஆகஸ்ட் 21ஆம் தேதி இனம் பார்க்காமல் பலர் வீட்டில் கறி சமைத்துக் காட்டினார்கள். அன்று அடுத்த வீட்டுக்காரருக்கு மறுத்த உரிமையை இன்று சோபாவுக்குக் கொடுத்துவிட்டோம்.

சின்ன வீட்டுக்கு வெளிச்சம் வேண்டும், இடம் வேண்டும். மறுக்கவில்லை. 2024இல் காலாங்-வாம்போவில் கூடத்தையும் படுக்கையறைகளையும் பிரிக்கும் உள்சுவர்கள் இல்லாத வீடுகளை வீவக விற்பனைக்கு விட்டபோது நானும் மகிழ்ந்தேன். சுவர் எங்கே வேண்டும் என்பதைக் குடியிருப்பவரே முடிவு செய்யலாம். அந்த முடிவை எடுப்பவர் யார்?

அதனால் இனி என்னிடம் கேட்பவர்களை நான் திருப்பிக் கேட்கப் போகிறேன்: உங்க வீட்ல யார் தாளிக்கப் போறாங்க? அவங்ககிட்ட கேட்டீங்களா? இல்லையென்றால் சுத்தியலைக் கீழே வையுங்கள்.