அன்போடு அறிவும் வேண்டும்

பிள்ளைகள் இளமையிலேயே ஓர் உயிரைப் பேணிப் பழகுதல் நற்பண்புகளுக்கு வித்தாகும். தேர்வில் தேறிய பிள்ளைக்கு, கிள்ளானிலோ கோலாலம்பூரிலோ கடைக்குச் சென்று ஹேம்ஸ்டர் என்னும் சிற்றெலியை வாங்கித் தரும் பெற்றோரை இன்று காண்கின்றோம். ஆயின், அன்பினால் வாங்கப்படும் அவ்வுயிர் பல வீடுகளில் நம் அறியாமையால் துன்புறுகின்றது. இதனை நாம் அனைவரும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இன்று வீடுகளில் வளரும் பொன்னிற ஹேம்ஸ்டர்களுள் பெரும்பாலானவை, 1930 ஆம் ஆண்டு சிரியா நாட்டின் அலெப்போ நகரருகே விலங்கியல் அறிஞர் அகரோனி கண்டெடுத்த ஒரு தாயின் குட்டிகளது வழிவந்தவை. வறண்ட நிலத்தில், குளிர்ந்த வளைக்குள், தனித்து வாழும் இனம் அது. பகலில் உறங்கும், இரவில் இரை தேடும். இவ்வியல்பை அறிந்தால் நாம் செய்யும் பிழைகள் தாமே விளங்கும்.

முதற்பிழை, கூண்டைத் தகரக் கூரையின் கீழோ வெயில் விழும் சன்னலோரத்திலோ வைப்பது. நம் பகுதியில் நண்பகல் வெப்பம் 33 பாகை வரை ஏறும். ஹேம்ஸ்டருக்கு இதமானதோ ஏறத்தாழ 20 முதல் 24 பாகை. கடும் வெப்பம் அதன் உயிரையே போக்கிவிடும். காற்றோட்டமுள்ள, நிழலான அறையே அதற்கு ஏற்றது.

துணை வேண்டுமென்று இரண்டை ஒரே கூண்டில் அடைப்பது அடுத்த பிழை. வளர்ந்த பொன்னிற ஹேம்ஸ்டர்கள் ஒன்றையொன்று கடித்துக் குதறும். ஆணும் பெண்ணும் சேர்ந்தால் பதினாறே நாளில் குட்டிகள் பிறந்துவிடும். பகலில் உறங்குவதைத் தட்டி எழுப்பினால் அது அஞ்சிக் கடிக்கும். அதனை முரட்டு விலங்கென்று பழிப்பது முறையன்று.

தூய்மைக்காக நீரில் குளிப்பாட்டுவதும் தீங்கே. குளிரும் அச்சமும் அதனை நோயில் தள்ளும். மென்மணல் நிறைந்த சிறு தட்டு போதும். அதுவே புரண்டு தன்னைத் தூய்மை செய்துகொள்ளும். முறுக்கு, மிட்டாய், சாக்லேட் முதலியன தருதல் கூடாது. கன்னப்பையில் கொண்டுபோய்ப் பதுக்கும் பச்சைக் காய்கள் அழுகாமல் நாள்தோறும் அகற்ற வேண்டும். பற்கள் வளர்ந்துகொண்டே இருப்பதால் கடிப்பதற்கு மரத்துண்டும் வேண்டும்.

பெற்றோர்களே! ஏற்ற இருப்பிடமும் உணவும் அளிப்பது உரிமையாளரின் கடமை என நம் நாட்டின் 2015 ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் கூறுகின்றது. கொடுமை இழைப்போர்க்கு 20,000 ரிங்கிட் முதல் 100,000 ரிங்கிட் வரை தண்டமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். எட்டு வயதுப் பிள்ளை தண்ணீர் வைக்க மறந்தால், அதனை நினைவில் வைத்துச் செய்ய வேண்டியவர் பெரியவரே. இரண்டு மூன்று ஆண்டுகள் பேண இயலாதெனின் வாங்காதிருப்பதே கருணை. சலித்தபின் செம்பனைக் காட்டில் விட்டுவிடுதல் அதனைப் பாம்புக்கும் பூனைக்கும் இரையாக்குவதாகும்.

தோட்டத்தில் ஆடு மாடு வளர்த்த நம் முன்னோர், ஒவ்வொன்றின் குணமும் அறிந்தே அதனைக் கட்டினர், தீனியிட்டனர். அவ்வறிவு சிற்றெலிக்கும் உரியது. மாணவச் செல்வங்களே, உங்கள் விருப்பத்தைக் கேட்குமுன் அவ்வுயிரின் தேவையைக் கேளுங்கள். ஏட்டுக் கல்வியோடு இக்கல்வியும் பெற்றவரே நிறைந்த மாணவர் என்பது எமது துணிபு.