பத்து லட்சம் வேலிடேட்டர், எத்தனை கை?

எத்தீரியம் பிளாக்செயின் ஒருசிலர் பிடியில் சிக்காது என்பவர்கள் உடனே எடுத்து நீட்டும் எண் பத்து லட்சம். பரிவர்த்தனைகளைச் சரிபார்த்து வாக்களிக்கும் வேலிடேட்டர்கள் 2024-லேயே அத்தனை பேர் சேர்ந்துவிட்டார்கள், பிறகென்ன பயம் என்கிறார்கள். அந்த எண்ணுக்கு இவ்வளவு மரியாதை தேவையில்லை.

எத்தீரியத்தின் நாணயமான ஈத்தரில் 32-ஐப் பிணையாகக் கட்டினால் ஒரு வேலிடேட்டர். 3,200 கட்டினால் நூறு. காயின்பேஸ் என்ற கிரிப்டோ எக்ஸ்சேஞ்ச் 2025 மார்ச்சில் தானே வெளியிட்ட கணக்குப்படி, அது மட்டுமே சுமார் 1,20,000 வேலிடேட்டர்களை இயக்கியது. மொத்தப் பிணையில் 11 சதவீதத்துக்கும் மேல். ஒரே ஆள் நாற்பது பேரில் சீட்டு கட்டினால் சீட்டில் நாற்பது பேர் இருக்கிறார்கள் என்று யாரும் சொல்வதில்லை. 2025 மே மாத பெக்ட்ரா மேம்படுத்தலுக்குப் பின் ஒரே வேலிடேட்டரில் 2,048 ஈத்தர் வரை வைக்கலாம் என்பதால், இனி எண்ணிக்கை சரிந்தாலும் அதற்குப் பெரிய அர்த்தமில்லை.

பார்க்க வேண்டியது மூன்றில் ஒரு பங்கை. அவ்வளவு பிணை ஒரே நேரத்தில் முடங்கினால் பரிவர்த்தனைகளுக்கு, இனி மாற்ற முடியாது என்ற இறுதி உறுதி கிடைக்காது. உரிமையாளர் ஒருவராக இருந்தால்தான் இப்படி ஆகும் என்பதில்லை. பெரும்பாலோர் ஓட்டும் மென்பொருள் ஒன்றிரண்டாக இருந்தாலே போதும். 2023 மே 11 அன்று அதுதான் நடந்தது. பழைய பிளாக்குகளைச் சுட்டும் வாக்குகள் வந்து குவிய, பிரிசம், டெக்கு ஆகிய இரு மென்பொருள்களும் பழைய நிலைகளையெல்லாம் திரும்பக் கணக்கிட்டுத் திணறின. இறுதி உறுதி சுமார் 25 நிமிடம் நின்றது; மறுநாள் ஒரு மணி நேரத்துக்கும் மேல். லைட்ஹவுஸ் என்ற வேறொரு மென்பொருளை ஓட்டியவர்கள் தாக்குப்பிடித்தார்கள். அதன் பிறகும், பரிவர்த்தனைகளை நிறைவேற்றும் மற்றொரு வகை மென்பொருளில், 2024 தொடக்கத்தில் கெத் ஒன்றையே நம்பியிருந்தவர்கள் சில கணக்குகளின்படி 80 சதவீதத்துக்கும் மேல். அந்த ஜனவரியில் அதே வகையைச் சேர்ந்த நெதர்மைண்ட் என்ற மென்பொருளில் பிழை வந்தபோது விழுந்தது எட்டு சதவீதம்தான். அதே பிழை கெத்தில் வந்திருந்தால்?

அதன் பிறகு எழுந்த கண்டனத்தால் காயின்பேஸ் உள்ளிட்டவை கெத்தை மட்டும் நம்பியிருப்பதைக் கைவிட்டன. ஊரார் பேச்சுக்கும் பலன் உண்டு. ஆனால் பங்கைக் குறைக்கச் சொன்னால் யாரும் அசைவதில்லை. மொத்தப் பிணையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத் திரட்டியிருந்த லைடோ என்ற ஸ்டேக்கிங் (பிணை கட்டும்) சேவை, தனக்கு வரம்பு வைத்துக்கொள்வதா என்று 2022-ல் தன் டோக்கன்தாரர்களிடமே வாக்கெடுப்பு நடத்தியது. வேண்டாம் என்றவர்கள் 99 சதவீதத்துக்கும் மேல். வேறென்ன சொல்வார்கள்? தங்கள் வேலிடேட்டர்களைப் பலர் தனித்தனியாக ஓட்டுகிறார்கள், தாங்கள் விலகினால் அந்த இடத்தைப் பெரிய எக்ஸ்சேஞ்சுகள் பிடித்துக்கொள்ளும் என்பது லைடோ தரப்பின் வாதம். அதில் நியாயம் உண்டு. அதனால்தான் ஒரு நிறுவனத்தின் நல்ல மனதை நம்பாமல், விதியையே மாற்ற வேண்டும் என்கிறோம்.

எத்தீரியத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான விட்டாலிக் புட்டரின் 2024 மார்ச்சில் அதற்கு ஒரு வழி சொன்னார். பலர் ஒரே சமயத்தில் வாக்குத் தவறினால் ஒவ்வொருவருக்கும் அபராதம் கூட வேண்டும். வீட்டில் ஒரு கணினியை வைத்து ஓட்டுபவர் மின்வெட்டில் விழுந்தால் தனியாகத்தான் விழுவார்; அவருக்குச் சிறு அபராதம் போதும். ஒரே சர்வரில் ஆயிரம் வேலிடேட்டர்களை அடைத்து வைத்திருப்பவருக்குத்தான் வலிக்கும். பெக்ட்ராவில் இது இடம்பெறவில்லை. அடுத்து வரும் மேம்படுத்தலில் இதைச் சேர்க்க வேண்டும். ஸ்டேக்கிங் பட்டனைக் காட்டும் ஒவ்வொரு எக்ஸ்சேஞ்சும், தன் பங்கு எவ்வளவு, எந்த மென்பொருளில் ஓட்டுகிறது என்பதை அந்தப் பட்டனுக்குப் பக்கத்திலேயே எழுதிக் காட்ட வேண்டும்.