யந்திரம் வரையும் மணக்கோலம்

நொய்யல் நதியின் கரையில், பல்லடம் வட்டத்திலுள்ள சாமளாபுரத்திலும், அதைச் சூழ்ந்த மங்கலம், சோமனூர், காரணம்பேட்டை முதலிய ஊர்களிலும், விசைத்தறியின் ஓசை இரவும் பகலும் ஓயாத வீதிகளில், கல்யாணம் நிச்சயமான வீடுகளில் இப்போது ஒரு புதிய வழக்கம் வேரூன்றி வருகிறது. சேலை எடுப்பதற்கும் பந்தல் பேசுவதற்கும் பெரியவர்கள் கூடி உட்காருவதற்கு முன்பாகவே, மணப்பெண் தன் கைப்பேசியில் இரண்டு வரி எழுதி, தான் உடுத்தப்போகும் பட்டையும், அமரப்போகும் மணமேடையையும், மண்டபத்து வாசலில் எழப்போகும் அலங்கார வளைவையும் செயற்கை நுண்ணறிவு வரைந்த சித்திரங்களாகக் கண்டுவிடுகிறாள். மாமன்மாரும் அத்தைமாரும் வந்து சேரும்போது, ஆலோசிக்க வேண்டிய விஷயம் அநேகமாகத் தீர்மானமாகிவிட்ட விஷயமாகவே அவர்கள் முன் வைக்கப்படுகிறது.

இந்த வழக்கத்தைக் கண்டனம் செய்வது என் நோக்கமன்று. 2022-ஆம் ஆண்டில் டால்-ஈ 2, மிட்ஜர்னி, ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்னும் சித்திர யந்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பொதுமக்கள் கைக்கு வந்தன. 2025 செப்டம்பரிலோ, கூகுளின் ‘நானோ பனானா’வைக் கொண்டு தம் புகைப்படத்துக்குச் சேலை உடுத்திப் பார்க்கும் ஆர்வம் இந்தியா முழுவதும் பரவியது. அலங்கார நிபுணரை அமர்த்திப் பத்து விதமான கோலங்களை வரைந்து பார்க்கும் பாக்கியம் முன்பு தனவந்தர்களுக்கே உரியதாயிருந்தது. பனியன் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் ஒரு பெண்ணுக்கும் அதே சௌகரியம் இன்று செலவின்றிக் கிடைக்கிறது. பெரியவர்கள் முன்னிலையில் வாய்விட்டுச் சொல்லக் கூசும் தன் அபிலாஷையை அவள் ஒரு படத்தின் மூலம் தெரிவிக்க முடிகிறதென்றால், அதைக் குறைத்துப் பேச யாருக்கும் உரிமையில்லை. ஆயினும், ஆலோசனைக்கு உரிய சித்திரம் ஆணையின் ஸ்தானத்தை அடைந்துவிடலாகாது என்பதே என் திடமான அபிப்பிராயம்.

காரணம், அந்தச் சித்திரம் பிறக்கும் விதத்திலேயே இருக்கிறது. கோடிக்கணக்கான படங்களையும் அவற்றோடு மனிதர்கள் எழுதிவைத்த விவரங்களையும் இணைத்துப் பயின்று, வெறும் புள்ளிகளின் குழப்பத்திலிருந்து படிப்படியாக ஓர் உருவத்தைத் தெளிவித்தெடுப்பதே இவ்வகை யந்திரங்கள் பலவற்றின் வேலை. ஆகவே எவருடைய கல்யாணங்கள் மிகுதியாகப் படம் பிடிக்கப்பட்டு, எந்த மொழியில் மிகுதியாக விவரிக்கப்பட்டனவோ, அவர்களுடைய கல்யாணமே அதன் மனத்தில் கல்யாணமாக நிற்கிறது. படங்களை இனம் காணும் யந்திரங்களைப் பற்றி ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஸௌவும் லோண்டா ஷீபிங்கரும் 2018-இல் ‘நேச்சர்’ பத்திரிகையில் எழுதிய கட்டுரையில் ஓர் உதாரணம் காட்டினார்கள். ‘இமேஜ்நெட்’ என்னும் பெருந்தொகுப்பில் பயின்ற யந்திரம், வெள்ளை அங்கி அணிந்த அமெரிக்கப் பெண்ணை மணமகள் என்று சரியாகச் சொல்லிற்று. வட இந்திய மணமகளைக் கண்டபோதோ, அதை நாடக வேஷம் என்னும்படியான பெயர்களால் குறித்தது. அத்தொகுப்பின் படங்களில் 45 சதவீதத்துக்கு மேல் அமெரிக்காவிலிருந்து வந்தவை என்றும், உலக ஜனத்தொகையில் 36 சதவீதத்தைக் கொண்ட சீனாவும் இந்தியாவும் சேர்ந்து அளித்தவை 3 சதவீதமே என்றும் அவர்கள் எடுத்துக்காட்டினார்கள். யந்திரங்கள் பின்னர் எவ்வளவோ முன்னேறின. ஆனால் 2023-இல் ‘ரெஸ்ட் ஆஃப் வேர்ல்டு’ என்னும் செய்தி நிறுவனம் மிட்ஜர்னியில் 3,000 படங்களை வரையவைத்து ஆராய்ந்தபோது, இந்தியர் ஒருவரை வரையச் சொன்னால் தாடியுள்ள முதியவரே ஏறக்குறைய எல்லாப் படங்களிலும் வந்து நின்றார். பாரத தேசமே ஒரு முகமாகச் சுருங்கிவிடும் இடத்தில், கொங்கு நாட்டுக் கல்யாணத்துக்கு என்ன இடம் கிடைக்கும்?

கொங்கு வேளாளர் கல்யாணத்தை எடுத்துக்கொள்வோம். உப்புச் சக்கரை மாற்றி உறுதி செய்வது முதல், அருமைக்காரர் முன்னின்று நடத்தும் சீர்கள் ஒவ்வொன்றும், மங்கல வாழ்த்தும், மணமகன் தலையில் கட்டும் உருமாலும், வெறும் அலங்காரங்கள் அல்ல. அவை உறவுகளின் பிரகடனங்கள். மணமகனின் சகோதரி அவனோடு இணையாக அமர்ந்து பெறும் இணைச்சீரில், அவன் இல்லறம் புகுந்த பின்னும் பிறந்த வீட்டில் அவளுக்குள்ள உரிமை ஊரறிய நிலைநாட்டப்படுகிறது. இதே மண்ணில் வாழும் மற்றச் சமூகத்தாருக்கும், இஸ்லாமியருக்கும், கிறிஸ்தவருக்கும், இவ்வாறே தம்தம் முறைகள் உண்டு. யந்திரத்திடம் ‘தமிழ்க் கல்யாணம்’ என்று பொதுவாகக் கேட்கிறவளுக்கு இவற்றில் ஒன்றும் கிடைப்பதில்லை. கோபுரமும் வாழைமரமும் பொன்னிற விளக்குகளும் கிடைக்கின்றன. இணைச்சீர் இல்லாத சித்திரம் நாத்தனார் இல்லாத கல்யாணத்தைப் பழக்கப்படுத்துகிறது. பார்க்காததை விரும்பக் கற்றுக்கொள்வது இளம் மனத்துக்கு எளிதன்று.

துணியின் விஷயத்தில், நூலோடு பிறந்து நூலோடு வளரும் இவ்வட்டார மக்கள் இன்னும் அதிக ஜாக்கிரதையாயிருக்க வேண்டும். யந்திரம் வரையும் சேலைக்குப் பாவும் இல்லை, ஊடையும் இல்லை. கரை பாதி வழியில் உடலோடு கரைந்துவிடலாம். கொசுவத்தின் ஒரு மடிப்பில் மயிலாயிருந்தது அடுத்த மடிப்பில் கொடியாகிவிடலாம். காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையிலோ, வேறு நிறத்துக் கரையையும் உடலையும் மூன்று நாடாக்களைக் கொண்டு இழைக்கு இழை கோத்து நெய்தாக வேண்டும்; புட்டா ஒவ்வொன்றையும் கட்டத்தாளில் வரைந்து, துளையிட்ட அட்டைகளாக்கி, ஜக்கார்டில் ஏற்றியாக வேண்டும். சிறுமுகையிலோ காஞ்சியிலோ உள்ள நெசவாளரிடம் அந்தப் படத்தைக் காட்டி, இதையே நெய்து தாருங்கள் என்று பிடிவாதம் செய்தால், அவர் முடியாது என்று சொல்வதைத் தவிர வேறு வழியில்லை. அப்போது அந்தப் படத்தைப் பாலியெஸ்டர் துணியில் அப்படியே அச்சடித்துத் தருகிறவருக்கு வியாபாரம் போய்ச் சேர்கிறது. நெய்ய முடியாத கனவு நெய்கிறவரின் பிழைப்பைப் பறிக்கிறது என்பதைக் கனவு காண்கிறவர்கள் அறிவதேயில்லை.

இதற்குப் பரிகாரம் நம் தொழிலிலேயே இருக்கிறது. வெளிநாட்டுப் பையர் ஒரு படத்தை அனுப்பினால், திருப்பூரில் யாரும் மறுநாளே ஆயிரக்கணக்கில் தைக்கத் தொடங்குவதில்லை. சாம்பிள் தைக்கிறார்கள், சாயத்துக்கு லேப் டிப் என்னும் நிற மாதிரி எடுக்கிறார்கள், துணியின் கனத்தையும் அளவையும் சரிபார்க்கிறார்கள், அப்ரூவல் வந்த பின்பே உற்பத்தி தொடங்குகிறது. படம் அங்கே பேச்சின் ஆரம்பம், முடிவன்று. அந்நியருடைய ஆடைக்கு நாம் காட்டும் இந்த நிதானத்தை நம் பெண்ணின் கூறைச்சேலைக்கும் மணமேடைக்கும் காட்டலாகாதா?

சம்பிரதாயம் என்றும் மாறிக்கொண்டே வந்ததல்லவா, இப்போது மட்டும் ஏன் ஆட்சேபம் என்று சிலர் கேட்கக்கூடும். மாறியது உண்மை, ஆனால் எதனால் மாறிற்று என்பதை நோக்க வேண்டும். 1928-இல் சுக்கிலநத்தத்தில் நடந்த முதல் சுயமரியாதைத் திருமணம் ஒரு கொள்கையிலிருந்து பிறந்தது. அண்ணாதுரை முதலமைச்சராயிருந்தபோது அத்தகைய திருமணங்களுக்குச் சட்ட அங்கீகாரம் அளிக்கும் திருத்தம் நிறைவேறி, 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. நம் காலத்திலும், கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சிவலிங்கபுரத்தில் 2022 பிப்ரவரியில் மணந்துகொண்ட ஒரு தம்பதியர், கல்யாணத்தை ஊரிலேயே நடத்திவிட்டு, வரவேற்பை மட்டும் கணினிக்குள் படைத்த கற்பனை உலகத்தில் வைத்தார்கள். காலமாகிவிட்ட மணமகளின் தந்தை அங்கே உருவம் பெற்று வாழ்த்தினார். இழந்தவரின் வாழ்த்தைப் பெறும் ஆசை அங்கே இருந்தது. யந்திரம் அதற்குப் பணிந்தது. விருப்பம் முன்னும் கருவி பின்னுமாக வரும் மாறுதல் எதுவாயினும் அதை வரவேற்கலாம்.

ஆகவே, முதலில் மணமக்களும் பெரியவர்களும் உட்கார்ந்து, எந்தச் சீர்கள் வேண்டும், எவற்றை விட்டுவிடலாம், எவ்வளவு செலவழிக்கலாம் என்று பேசி முடிக்கட்டும். பிறகு அவற்றின் பெயர்களையும் பொருள்களையும் தெளிவாக எழுதிச் சித்திரம் கேட்கட்டும். வந்த சித்திரத்தை நெசவாளரிடமும் பந்தல்காரரிடமும் காட்டி, முடியக்கூடியது எது என்று கேட்ட பின்பே உறுதி செய்யட்டும். மணப்பெண்ணின் முகத்தை, அவள் சம்மதமின்றி எந்தச் செயலியிலும் ஏற்றாதிருப்பது எல்லாவற்றுக்கும் முந்திய தர்மம்.

குடும்பங்களின் கடமை இவ்வளவே. சமூகத்தின் கடமை வேறொன்று உண்டு. நம் வீடுகளின் இரும்புப் பெட்டிகளிலும், மூடப்பட்ட ஸ்டூடியோக்களின் அலமாரிகளிலும் கிடக்கும் பழைய கல்யாணப் புகைப்படங்களை, குடும்பங்களின் அனுமதியோடு திரட்டி, இது இணைச்சீர், இது உருமால் கட்டுதல் என்று தமிழில் விவரம் எழுதி, தமிழ் இணையக் கல்விக்கழகம் போன்ற ஸ்தாபனங்கள் பாதுகாக்க வேண்டும். யந்திரத்தின் அறியாமை நாம் எழுதிவைக்காததன் விளைவு. அதைத் திருத்தும் சக்தி வேறு எந்தத் தேசத்தாரிடமும் இல்லை, நம்மிடமே இருக்கிறது. அந்த வேலையை மூத்த தலைமுறை உயிரோடிருந்து பெயர் சொல்லும் காலத்திலேயே தொடங்கியாக வேண்டும்.